முன்னால் நடந்தவன்

புல் வெட்டும் மோட்டார் மிஷின் கிளப்புக்கு வந்த அன்று பிச்சையா காலையிலேயே கரமனையாற்றில் முங்கிக் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு புறப்பட்டான். மைதானத்து வேலைக்குப் போகிறவன் ஒருநாளும் அப்படிப் போனதில்லை.

"என்ன, கல்யாணத்துக்கா போறிய?" என்று மங்கலம் கேட்டாள்.

"போய்ட்டு வந்து சொல்லுதேன்" என்றான் அவன். முகத்தில் சிரிப்பை அடக்க முடியவில்லை.

திருவனந்தபுரத்தில் பெரிய உத்தியோகஸ்தர்களும் வக்கீல்களும் சாயங்காலம் கூடுகிற கிளப் அது. திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. கிளப்பில் துரைகள் குறைந்து வேட்டி கட்டிய மெம்பர்கள் கூடியிருந்தார்கள். ஆனால் புல்தரை மட்டும் துரைகள் காலத்தைப் போலவே இருக்க வேண்டும் என்பதில் எல்லோரும் பிடிவாதமாக இருந்தார்கள். அந்தத் தரையை இதுவரை வெட்டி வந்தது பிச்சையாவும் ஒரு மயிலைக் காளையும். காளையின் குளம்பு தரையில் பதியாமல் இருக்க நாலு காலுக்கும் தோல் சப்பாத்து மாட்டி, பின்னால் புல் வெட்டும் உருளையைப் பூட்டி இழுக்கச் செய்வான். அந்த மைதானத்தில் எந்த இடத்தில் தண்ணீர் தேங்கும், எங்கே கோரை முளைக்கும் என்பது அவனுக்குத் தன் வீட்டுச் சமையல்கட்டைப்போலத் தெரியும். ஆகவே மோட்டார் மிஷின் வந்தால் அது தன் கைக்குத்தான் வரும் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

மிஷின் பச்சை நிறத்தில் பளபளவென்று இருந்தது. முன்னால் புல் விழுகிற தகரப்பெட்டி, அதன் பின்னே வளைந்த கத்திகள் வைத்த உருளை, மேலே எஞ்சின், பின்னால் கனத்த இரும்பு ரோலர். பின்னால் நடந்துவருகிற ஆள் பிடிக்க இரண்டு கைப்பிடிகள். வலது பிடியில் இருந்த கிளட்சை அழுத்தினால் மிஷின் ஓடும், விட்டால் நிற்கும்.

மெட்ராஸிலிருந்து கூடவே வந்த மெக்கானிக் எல்லோரையும் சுற்றி நிற்கவைத்துச் சொன்னார்.

"இது மாடு இல்லே. மாட்டுக்குக் கண்ணு இருக்கு, குறுக்கே குழந்தை வந்தா அதுவா நின்னுடும். இதுக்குக் கண்ணு கிடையாது. அதனாலே ஒரு ஆள் முதல்லே தரை பூரா நடந்து பாத்து, கல்லு கம்பி கட்டை எல்லாத்தையும் பொறுக்கணும். குறுக்கே யாரும் வராம பாத்துக்கணும். அந்த ஆள் கை தூக்கிக் காட்டினப்புறம்தான் கிளட்சைத் தொடணும். கத்தியிலே புல்லு சிக்கினா எஞ்சினை நிறுத்தி, பிளக் வயரைக் கழட்டிட்டுத்தான் கையை வைக்கணும். எஞ்சின் சூடா இருக்கறப்போ பெட்ரோல் ஊத்தக் கூடாது. சரிவிலே ஈரமா இருந்தா அன்னிக்கு அந்தப் பக்கமே போகாதீங்க."

பிச்சையா அதைப் பாதிதான் கேட்டான். அவன் கண் அந்தக் கைப்பிடிகளிலேயே இருந்தது.

கிளப் செக்ரட்டரி வெங்கடசுப்ரமணியன் கரமனை அக்ரகாரத்துக்காரர். வரவுசெலவு இலாகாவில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "பிச்சையா, நீ மொதல்ல பிடிச்சுப் பாரு" என்றார்.

பிச்சையா பிடித்தான். கிளட்சை அழுத்தினான். மிஷின் உறுமிக்கொண்டு கிளம்பியதும் அவனுக்குப் பழக்கம்தான் முன்னால் வந்தது. கயிற்றைப் பிடித்து இழுப்பதுபோல இரண்டு பிடிகளையும் இறுக்கிப் பின்னால் இழுத்தான். இறுக்க இறுக்கக் கிளட்ச் இன்னும் அழுந்தியது. "ஹோ! ஹோ! நில்லு!" என்று அவன் கத்தினான். மிஷின் அவனையும் இழுத்துக்கொண்டு போய், கல்வாழைப் பாத்தியில் பாய்ந்து, பூவும் இலையுமாக வெட்டித் தள்ளியது.

"விடுடா! கையை விடுடா!" என்று செக்ரட்டரி கத்தியபடி ஓடி வந்தார்.

அவன் விட்டான். அது நின்றது. சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அவர்களில் ஒருவன் குற்றாலலிங்கம்.

மற்றவர்கள் சிரித்ததைப் பிச்சையா பொறுத்திருப்பான். குற்றாலலிங்கம் சிரித்ததைப் பொறுக்க முடியவில்லை. ஏனென்றால் அவன் பிச்சையாவின் சகலை. மங்கலத்தின் தங்கை உலகம்மையைக் கட்டியவன். பொன்முடித் தேயிலைத் தோட்டத்து ஃபாக்டரியில் எஞ்சின் பக்கம் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், அங்கே ஆள் குறைத்தபோது பெண்டாட்டியோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். பிச்சையாதான் செக்ரட்டரியின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, அவனைத் தண்ணீர் விடுகிற வேலைக்குச் சேர்த்துவிட்டான். தன் வீட்டை ஒட்டிய அறையையே வாடகைக்குப் பிடித்தும் கொடுத்தான்.

"லிங்கம், நீ எஞ்சின் பாத்தவன்தானே? நீ பிடி" என்றார் செக்ரட்டரி.

குற்றாலலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். விரலால் தொடுவதுபோலக் கிளட்சைத் தொட்டான். மிஷின் பசுமாதிரி நகர்ந்தது. மைதானத்தின் ஓரத்துக்குப் போய், நின்று, திரும்பி, போன தடத்தை ஒட்டியே வந்தது. பின்னால் கோடு கிழித்ததுபோலப் புல் வெட்டுப்பட்டுக் கிடந்தது. மெம்பர்கள் கைதட்டினார்கள்.

"அப்போ இவன் மிஷின். பிச்சையா, நீ முன்னால நடந்து தரையைப் பாத்துக்கோ" என்றார் செக்ரட்டரி. அவ்வளவுதான், முடிந்துபோயிற்று. காளையை விதுரைப் பக்கத்து விறகு வண்டிக்காரன் ஒருவன் வாங்கிப் போனான்.

அன்றிலிருந்து பிச்சையாவுக்கு வேறு நினைப்பில்லை. குற்றாலலிங்கத்துக்குக் கிளப்பிலிருந்து காக்கிச் சட்டையும், கால் விரலைக் காக்கிற கனத்த பூட்சும் கொடுத்தார்கள். அந்தப் பூட்ஸ் சத்தம் சாயங்காலம் சந்தில் திரும்பும்போதே பிச்சையாவுக்கு வயிறு எரியும். கிணற்றடியில் உலகம்மை, "பெட்ரோல் நாத்தம் போகவே மாட்டேங்குக்கா, எம்புட்டு சோப்பு போட்டாலும்" என்று சலித்துக்கொள்வாள். அந்தச் சலிப்பில் இருந்த பெருமை அவனுக்கு மட்டும்தான் கேட்டது. ஒருநாள் மங்கலம் அந்தக் காக்கிச் சட்டையை மடித்துக்கொண்டிருந்தபோது, "ஊரான் சட்டைய மடிக்கத்தான் ஒனக்கு நேரம் இருக்கு" என்று அதைப் பிடுங்கித் திண்ணையில் எறிந்தான்.

"ஊரானா? எந்தங்கச்சி புருஷன். நீங்க கூட்டிட்டு வந்த ஆளுதான?"

"அதான் நான் செஞ்ச தப்பு."

மெம்பர்கள் இப்போது குற்றாலலிங்கத்தை 'டிரைவர்' என்று கூப்பிட்டார்கள். பிச்சையாவுக்கு ஒரு சாக்குதான் கொடுத்திருந்தார்கள். தினமும் மிஷினுக்கு முன்னால் குனிந்து நடந்து, கல்லையும் ஆணியையும் உடைந்த பாட்டிலையும் பொறுக்கிச் சாக்கில் போட வேண்டும். பிறகு நிமிர்ந்து கையைத் தூக்க வேண்டும். அதற்குப்பின் குற்றாலலிங்கம் கிளட்சை அழுத்துவான். 'இவன் போகிற பாதையை நான் பெருக்கிக் கொடுக்க வேண்டியிருக்கிறதே' என்று ஒவ்வொரு முறை கை தூக்கும்போதும் பிச்சையாவுக்குத் தோன்றும்.

வேலை முடிந்ததும் ஓரமாக உட்கார்ந்து அவன் குற்றாலலிங்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். அவன் தப்புச் செய்கிறானா என்றுதான் பார்ப்பது. பிளக் வயரைக் கழற்றாமல் கத்தியைத் தொடுகிறானா? சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்றுகிறானா? ஒன்றும் நடக்கவில்லை. குற்றாலலிங்கம் எல்லாவற்றையும் சுத்தமாகச் செய்தான். அதுவும் பிச்சையாவுக்கு எரிச்சலாக இருந்தது.

இந்த எரிச்சலை அவன் மறைத்து வைக்கவும் தெரியாதவன். டென்னிஸ் கோர்ட்டுப் பந்துகளைப் பார்த்துக்கொள்ளும் தங்கப்பனிடம், "ஒருநாள் இல்லாட்டா ஒருநாள் அந்த எளவு மிஷின் அவன் காலை எடுத்துரும், பாத்துக்கிடும்" என்று சொல்லியிருந்தான்.

"அங்ஙனெ சொல்லாதேயும் அண்ணாச்சி, சொந்தக்காரன் அல்லே?" என்றான் தங்கப்பன். சொல்லிவிட்டு அதைக் கிளப் முழுக்கப் பரப்பினான்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு நாள், பவிலியனுக்கு எதிரே பிச்சையா தரை பார்த்துக்கொண்டு போகும்போது எலுமிச்சம்பழ அளவில் ஒரு கல் புல்லுக்குள் கிடந்தது. பார்த்தான். பார்த்துவிட்டுத் தாண்டி நடந்தான். அவன் எதையும் முடிவு செய்யவில்லை. குனியவில்லை, அவ்வளவுதான். கொஞ்ச தூரம் போனதும் நின்றான். கல் கத்தியில் பட்டால் தெறித்து எங்கே போகும் என்று அவனுக்குத் தெரியும். உலகம்மை மாசமாக இருந்தாள். அவன் திரும்பி ஓட்டமும் நடையுமாக வந்து கல்லை எடுத்துச் சாக்கில் போட்டான். நிமிர்ந்தபோது, தூரத்தில் மிஷின் பக்கத்தில் நின்ற குற்றாலலிங்கம் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டான். பிச்சையா கையைத் தூக்கினான்.

அதன்பிறகு அவன் அப்படி ஒன்றைத் தாண்டிப் போகவில்லை. பயந்துபோயிருந்தான். முன்னைவிட இரண்டு மடங்கு கவனமாகத் தரையைப் பார்த்தான்.

மார்கழியில் கிளப்பில் ஒரு பெரிய தேநீர் விருந்து நடந்தது. மைதானத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். மறுநாள் கிரிக்கெட் மேட்ச். காலையில் சாலைக் கடைத்தெருவிலிருந்து வந்த பந்தல்காரர்கள் துணியைச் சுருட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கயிறு கட்ட அடித்திருந்த இரும்பு முளைகளில் பாதியைப் பிடுங்காமலே விட்டுவிட்டார்கள்.

பிச்சையா ஒவ்வொன்றாக ஆட்டிப் பிடுங்கினான். பாதி மைதானம் முடிவதற்குள் சாக்கு நிறைந்துவிட்டது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு சாமான் வைக்கிற கொட்டடிக்குக் கொட்டப் போனான். பவிலியன் வராந்தாவில் செக்ரட்டரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அங்குமிங்கும் நடந்தார். "லிங்கம், என்ன நின்னுண்டே இருக்கே? டீம் வந்துடுத்து!" என்று சத்தம் போட்டார். எஞ்சின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. குற்றாலலிங்கம் பிச்சையாவின் முதுகைப் பார்த்தான். செக்ரட்டரியைப் பார்த்தான். கிளட்சை அழுத்தினான்.

பிச்சையா சாக்கைக் கவிழ்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சத்தம் கேட்டது. கொல்லன் பட்டறையில் சம்மட்டி தவறி அடித்ததுபோல ஒரே ஒரு அடி. அதன் பின்னே ஒரு அலறல்.

அவன் ஓடிவந்து பார்த்தபோது மிஷின் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றிருந்தது. தரையோடு தரையாக இறங்கியிருந்த ஒரு முளை கத்தியில் சிக்கி, ஒரு கத்தி முறிந்துபோயிருந்தது. உருளையைச் சுற்றுகிற சங்கிலி அறுந்து, பின்னால் வந்து குற்றாலலிங்கத்தின் முழங்காலுக்குக் கீழே அடித்திருந்தது. பூட்சுக்கு மேலே சதை பிளந்து ரத்தம் கொட்டியது. பிச்சையா தன் தோள் துண்டை எடுத்துக் காலில் சுற்றி இறுக்கிக் கட்டினான்.

செக்ரட்டரி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். முளையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"பிச்சையா! இதுதான் நீ தரை பாத்த லட்சணமா?"

"சாமி, நான் இன்னும் முடிக்கல. இந்தப் பக்கம் வரவே இல்ல. கை தூக்கல சாமி."

"லிங்கம், இவன் கை தூக்கினானா இல்லையா?"

குற்றாலலிங்கம் தரையைப் பார்த்தான். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"தூக்கினாரு" என்றான்.

பிச்சையா துள்ளி எழுந்தான். "ஏ லிங்கம்! என்னவே சொல்லுதீரு?" என்றான். குற்றாலலிங்கம் நிமிரவில்லை. பின்னால் நின்ற கூட்டத்திலிருந்து தங்கப்பன் மெதுவாக, ஆனால் எல்லோர் காதிலும் விழும்படி, "காலை எடுத்துரும்னு முன்னாலேயே சொன்ன ஆளாக்கும்" என்றான்.

செக்ரட்டரி வாசலைக் காட்டினார். "நீ இனிமே இங்க வராதே. போலீஸுக்குச் சொல்லாம விடறேனே, அது உன் ஆத்துக்காரிக்காக" என்று சொல்லிவிட்டு, காயம்பட்டவனைத் தூக்கிக் காரில் வைக்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்த பிச்சையா, யார் நம்பாவிட்டாலும் மங்கலம் நம்புவாள் என்று நினைத்தான். அதற்குள் விஷயம் சந்துக்கு வந்திருந்தது. பக்கத்து அறையில் உலகம்மையின் அழுகை கேட்டுக்கொண்டிருந்தது. மங்கலம் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அடுப்பு மூட்டவில்லை.

"ஏன் இப்பிடிச் செஞ்சிய?" என்றாள்.

"நான் செய்யல மங்கலம். நீயுமா?"

"உறக்கத்துலகூட அந்த மிஷினத் திட்டுதிய. அவரு சட்டைய எடுத்து எறிஞ்சிய. அவரு பூட்ஸ் சத்தம் கேட்டா சோத்த வச்சுட்டு எந்திரிச்சுப் போறிய. பின்னே நான் என்னன்னு நெனைக்க? எந்தங்கச்சி வயித்துல பிள்ளையோட இருக்கா. அவ தலையில கை வச்சுச் சொல்லுங்க, அந்த மாதிரி ஒரு நெனப்பு ஒங்களுக்கு வந்ததே இல்லன்னு."

பிச்சையா வாயைத் திறந்தான். அந்த எலுமிச்சம்பழக் கல் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டான். அவள் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்றிலிருந்து இரண்டு அறைகளுக்கும் பேச்சில்லை. அக்காவும் தங்கையும் கிணற்றடியில் ஒருவர் போனபின் ஒருவர் வந்தார்கள். மங்கலம் அவனுக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள். பேசுவது மட்டும் இல்லை. பிச்சையா சாலைக் கடைத்தெருவில் ஒரு அரிசி மண்டியில் சாக்குத் தைக்கிற வேலைக்குப் போனான். குனிந்து கோணூசியைக் குத்தும்போதெல்லாம் 'தூக்கினாரு' என்கிற அந்தச் சொல் காதில் விழும். குற்றாலலிங்கம் மீது கோபம் வந்தது. ஆனால் அவன் பயந்த வேறொன்று அந்தக் கோபத்துக்கு அடியில் இருந்தது. இது தன்னாலேயே நடந்திருக்கக்கூடியதுதானே? அந்தக் கல்லை எடுக்காமல் விட்டிருந்தால், இதே ரத்தம், இதே அலறல். செய்யாத குற்றத்துக்குத் தண்டனை என்று நெஞ்சில் அடித்து அழக்கூட அவனால் முடியவில்லை. அப்படியிருந்தும் வீட்டுக்குத் திரும்பும்போது பக்கத்து அறையில் விளக்கடியில் குற்றாலலிங்கம் கால் நீட்டி உட்கார்ந்திருக்க, உலகம்மை விசிறிக்கொண்டிருப்பதைப் பார்த்தால், 'அடிபட்டாலும் அவனுக்குத்தான் உபசாரம்' என்று மனசு பொருமியது.

மெட்ராஸிலிருந்து கத்தியும் சங்கிலியும் வந்து, குற்றாலலிங்கத்தின் கால் ஆறி, மிஷின் மறுபடி மைதானத்தில் இறங்கத் தை மாசக் கடைசி ஆயிற்று. தரை பார்க்கும் வேலையைத் தங்கப்பனுக்குக் கொடுத்திருந்தார்கள்.

அன்று மத்தியானம் பிச்சையா அரிசி மண்டியின் வாசலில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தான். பூட்ஸ் சத்தம் கேட்டது. ஒரு கால் அழுத்தமாகவும் ஒரு கால் இழுத்தும் வருகிற சத்தம். நிமிர்ந்தான். குற்றாலலிங்கம் காக்கிச் சட்டை வேர்வையில் நனைந்து, முகம் வெளுத்து நின்றிருந்தான்.

"அண்ணாச்சி" என்றான்.

"இங்கன என்ன சோலி ஒமக்கு?"

"ஒரு பிள்ள... நம்ம மெம்பர் டாக்டர் சாரோட பேத்தி. சின்னப் பிள்ள அண்ணாச்சி. பந்து எடுக்க ஓடி வந்துட்டு. பெட்டிக்கு நேர முன்னால. தங்கப்பன் மரத்தடியில நின்னு பீடி குடிச்சிட்டு, தரையப் பாக்காமலே கையத் தூக்கினான். நான் விட்டுட்டேன், கிளட்ச விட்டுட்டேன். ஒரு சாண்தான். மிஷின் நின்னப்போ அந்தப் பிள்ளையோட பாவாட பெட்டியில பட்டுக்கிட்டு இருந்துது." அவன் விரலை விரித்து அந்தச் சாணைக் காட்டினான். "எஞ்சின நிறுத்தி வயரக் கழட்டி வச்சுட்டு நேரப் போயி சாமிகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். நீங்க அன்னைக்குக் கை தூக்கலன்னு. நான்தான் பொய் சொன்னேன்னு."

பிச்சையா எழுந்தான். கோணூசியைச் சாக்கில் குத்தி வைத்தான். பிறகு குற்றாலலிங்கத்தின் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். குற்றாலலிங்கம் கையைக்கூடத் தூக்கவில்லை.

"ஏன்வே சொன்னீரு? எம் பெஞ்சாதி என்னட்ட பேசி எத்தன நாளாச்சு தெரியுமா?"

"பயந்துட்டேன். பொன்முடியில ஒருக்கா வேல போச்சு. இங்கயும் போச்சுன்னா உலகம்மைய எங்க கூட்டிட்டுப் போவேன்? அப்புறம்..." அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டான். "அந்தக் கல்ல நீங்க தாண்டிப் போனத நான் பாத்தேன் அண்ணாச்சி. இவரு எப்பிடியும் ஒருநாள் செய்யத்தான் போறாருன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அப்பிடிச் சொன்னா பொய்யி பொய்யாத் தெரியல."

"நான் திரும்பி வந்து எடுத்தேனே. அத நீரு பாக்கலியா?"

"பாத்தேன். அதத்தான் யார்ட்டயும் சொல்லல."

இருவரும் அரிசி மூட்டைகளின் மேல் உட்கார்ந்தார்கள். குற்றாலலிங்கம், "மிஷின் எங்கையில இருக்கு. ஆனா சாமிக்கு எதுவும்னா ஒங்களத்தான் கேப்பாரு. பிட்ச் ஈரமா, பிச்சையாவக் கேளு. எங்க மண்ணு போடணும், பிச்சையாவக் கேளு. எனக்கு மட்டும் எரியாதா?" என்றான்.

பிச்சையா அவனை வியப்போடு பார்த்தான். தன்னைப் பார்த்தும் ஒருவன் எரிந்திருக்கக்கூடும் என்று அவனுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அது அவனுக்குப் பிடித்திருந்தது என்பதுதான் வெட்கமாக இருந்தது.

மறுநாள் செக்ரட்டரி இருவரையும் கூப்பிட்டு வராந்தாவில் நிறுத்தினார். அவரும் இரவு சரியாகத் தூங்கியதாகத் தெரியவில்லை.

"கடிகாரத்தைப் பாத்துண்டு கத்தினது நான். அதை நான் ஒத்துக்கறேன்" என்றார். "ஆனா லிங்கம், கை தூக்காம நீ கிளட்சைத் தொட்டது தப்பு. பொய் சொன்னது அதைவிடத் தப்பு. சித்திரை விஷு வரைக்கும் நீ மிஷினைத் தொடப்படாது. பிச்சையா ஓட்டட்டும். நீ முன்னால நட."

"சாமி, எனக்கு ஓட்டத் தெரியாதே" என்றான் பிச்சையா.

"இவன் சொல்லிக் குடுப்பான். குடுக்கலேன்னா ரெண்டு பேரும் விதுரைக்கு விறகு ஏத்தப் போங்கோ."

எத்தனை நாள் ஏங்கியதோ அது கைக்கு வந்தது. ஆனால் பிச்சையா நினைத்திருந்தது போல அது இல்லை. குற்றாலலிங்கம் பக்கத்தில் நடந்து, "இறுக்காதிய, தொட்டாப் போதும்" என்று சொல்லிக்கொண்டே வந்தான். நாலைந்து நாளில் பிச்சையாவுக்குக் கை வசப்பட்டது. அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. முன்னால் குற்றாலலிங்கம் காலை இழுத்து இழுத்துத் தரையைப் பார்த்துக்கொண்டு போவான். அவன் முதுகையே பிச்சையா பார்த்துக்கொண்டு நிற்பான். 'இவனுக்கும் எரியும் என்றானே. எதையாவது பார்த்தும் தாண்டிப் போவானோ?' அவன் கை தூக்கிய பிறகும் பிச்சையாவின் கை கிளட்சுக்குப் போகத் தயங்கியது. ஒருமுறை எஞ்சினை நிறுத்திவிட்டுத் தானே ஒரு சுற்று நடந்து பார்த்தான். ஒரு தீக்குச்சிகூடக் கிடைக்கவில்லை. திரும்பி வந்தபோது குற்றாலலிங்கம், "ஒண்ணும் இல்லல்லா?" என்று மட்டும் கேட்டான்.

"இல்ல."

"நீங்க முன்னால நடந்த நாள்ல நானும் இப்பிடி நின்னிருக்கேன்."

உண்மை தெரிந்த பிறகும் கூசிக்கொண்டிருந்த மங்கலம் பேசத் தொடங்கியது அன்று சாயங்காலம்தான். கை கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "ஒங்கள அப்பிடி நெனச்சிருக்கக் கூடாது" என்றாள்.

பிச்சையா துண்டால் கையைத் துடைத்தான். சரி என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துபோகும். அவனால் சொல்ல முடியவில்லை. "நீ நெனச்சது முழுக்கத் தப்பில்ல" என்று ஆரம்பித்து, அந்தக் கல்லைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னான். அவள் செம்பைக் கையில் வைத்தபடியே கேட்டாள்.

"திரும்பி வந்து எடுத்தியளா?"

"எடுத்தேன்."

"ஓடி வந்தியளா, நடந்து வந்தியளா?"

"ஓடித்தான் வந்தேன்."

"மதி, அது போதும்" என்று சொல்லி அவள் உள்ளே போய் அடுப்பில் உலை வைத்தாள்.

விஷு கழிந்து மிஷின் மறுபடி குற்றாலலிங்கத்தின் கைக்குப் போயிற்று. பிச்சையாவும் வேண்டாமென்று சொல்லவில்லை, வேண்டுமென்றும் கேட்கவில்லை. சாக்கை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான். செக்ரட்டரி எத்தனை சத்தம் போட்டாலும் அவன் முடிக்காமல் கையைத் தூக்குவதில்லை. அதுவரை குற்றாலலிங்கமும் அசைவதில்லை.

உலகம்மைக்குப் பெண் குழந்தை பிறந்து, நாற்பத்தொன்றாம் நாள் தலைக்கு ஊற்றிய அன்று இரண்டு குடும்பமும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மங்கலம்தான் சமைத்தாள். மரச்சீனிக் கிழங்கும் நெய்மீன் குழம்பும். பரிமாறும்போது மீன்தலை குற்றாலலிங்கத்தின் இலையில் விழுந்தது. பிச்சையாவின் கண் அவனை அறியாமலே அங்கே போயிற்று. மங்கலம் கரண்டியோடு நின்று அவனைப் பார்த்தாள்.

"என்ன, தலை அங்க போயிட்டுன்னு பாக்கியளா?"

உலகம்மை குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். குற்றாலலிங்கமும் சிரித்தான். சிரித்துக்கொண்டே, "வேணும்னா எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்று இலையை நகர்த்தினான்.

"பின்னே பாக்காம? அது நல்ல தலை" என்றான் பிச்சையா. அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆனாலும் கையை நீட்டாமல், தன் இலையில் கிடந்த நடுத்துண்டைப் பிட்டு, கிழங்கோடு சேர்த்துச் சாப்பிட ஆரம்பித்தான்.